பல கையும் ஒரு நூலும்
புடைப்புச் சிற்பமும் நம் பள்ளிச் சிறுவரும்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்லும் அன்பர்கள் பலர். அவ்வாயிற் கல்லைச் சற்று நின்று நோக்குவோர் சிலர். இரண்டு கயல்களும் தமிழ் எழுத்துக்களும் பொறித்த கல் அங்கே சுவரோடு சுவராக நிற்கின்றது. கோயிலுக்கென வெட்டிய கல் கோட்டைக்குப் பயன்பட்ட வரலாற்றை நம்மில் அறியாதார் இல்லை. ஆயின், அக்கற்களோடு சேர்ந்து நம் கையை விட்டுப் போன வேறொரு பொருளும் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பலர் கூடி ஒரு சிற்பத்தை ஒரே சிற்பமாகச் செய்து முடிக்கும் முறையே அது. அம்முறை எத்தகையது, எவ்வாறு நம்மிடையே தேய்ந்தது, இன்று நம் பிள்ளைகளின் வகுப்பறையில் அதனை எவ்வாறு மீட்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சித்திரம் என்னும் சொல்

நம் பாடசாலைகளில் ஓவியங் கற்பிக்கும் பாடத்துக்குச் ‘சித்திரம்’ என்று பெயர். சிற்ப நூல்களிலோ இச்சொல்லுக்குப் பொருள் வேறு. எல்லாப் பக்கத்தாலும் பார்க்கத்தக்க முழு உருவத்தையே அவை சித்திரம் என்றன. சுவரிலிருந்து பாதி எழுந்து நிற்கும் உருவத்தை அர்த்தசித்திரம் என்றன. சுவரில் வண்ணத்தால் எழுதியதைச் சித்திராபாசம் என்றன. சித்திரம் போலத் தோன்றுவது என்பது அதன் பொருள்.

இம்மூன்றனுள் நடுவில் நிற்கும் அர்த்தசித்திரமே நாம் இன்று புடைப்புச் சிற்பம் எனக் கூறுவது. கோட்டினால் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இதன் பாதி எளிது. மண்ணைத் தொட்டுப் பிசையத் தெரிந்த பிள்ளைக்கு மற்றைப் பாதி எளிது. அதனாலேயே ஆறாந் தரத்துக்கும் ஒன்பதாந் தரத்துக்கும் இடைப்பட்ட வயதினர்க்கு இது மிகப் பொருத்தமான கலையாகின்றது. இன்னொரு சிறப்பும் இதற்குண்டு. முழுச் சிலை ஒன்றைச் சுற்றி முப்பது பிள்ளைகள் நின்று வேலை செய்தல் இயலாது. நீண்ட சுவரிலோ முப்பது பிள்ளைகளுக்கும் இடமுண்டு.

நால்வகைச் சிற்பியர்

மயமதம் என்னும் சிற்ப நூல் தொழிலாளரை நால்வகையாக வகுக்கின்றது: ஸ்தபதி, சூத்திரக்கிராகி, தக்ஷகன், வர்த்தகி. ஸ்தபதி முழு வேலையையும் மனத்திற் கொண்டு நடத்துபவர். சூத்திரக்கிராகி என்பதற்கு நூற்கயிற்றைப் பிடிப்பவர் என்பது பொருள். அளவும் கோடும் அவர் பொறுப்பு. தக்ஷகன் உளி கொண்டு வெட்டுபவர். வர்த்தகி வெட்டிய உறுப்புக்களை ஒன்றோடொன்று பொருத்துபவர். இந்நால்வரும் இன்றிக் கோயில் எழுவதில்லை என்பது அந்நூலின் கருத்து.

இவ்வரிசையில் வெட்டுபவருக்கு முன்னே நூல் பிடிப்பவர் நிற்பதை இளைஞர்கள் கவனித்தல் வேண்டும். பத்துப் பேர் பத்து உளியோடு ஒரு பாறையின் முன் நின்றால், பத்துச் சிற்பங்கள் தோன்றுமேயன்றி ஒரு சிற்பம் தோன்றாது. அப்பத்துப் பேரும் ஒரே அளவுக்கும் ஒரே கோட்டுக்கும் கட்டுப்பட்டால் மட்டுமே யானையின் தலையை ஒருவரும் உடலை இன்னொருவரும் வெட்ட முடியும். தாலம், அங்குலம் என்னும் அளவுகள் இதற்காகவே வகுக்கப்பட்டன. நூல் என்ற சொல் கயிற்றையும் குறிக்கின்றது, ஏட்டையும் குறிக்கின்றது. சிற்பியின் கையில் இரண்டும் ஒன்றாயின.

முடியாத வேலை காட்டும் பாடம்

முடிந்த சிற்பத்தைப் பார்த்து அது எவ்வாறு செய்யப்பட்டது என்று அறிதல் கடினம். முடியாத சிற்பமே செய்முறையை உள்ளபடி காட்டும். அதனால் நம் மாணவர்க்கு உகந்த பாடப்புத்தகம் முற்றுப்பெறாத கற்களிலேயே இருக்கின்றது.

ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் மாமல்லபுரத்திற் செய்வித்த பெரும் புடைப்புச் சிற்பத்தை எல்லோரும் அறிவர். அருச்சுனன் தபசு என்பர் சிலர். கங்கை இறங்கிய காட்சி என்பர் வேறு சிலர். ஏறக்குறைய 30 மீற்றர் நீளத்தில், இரு பெரும் பாறைகளின் முகத்தில், தேவரும் முனிவரும் வேடரும் விலங்குமாக நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்கே உள்ளன. பாறைகளின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவை ஆறாக்கி, அதில் நாகர்களை ஏறவிட்டனர். ஒரு மூலையிலே பூனையொன்று கைகளைத் தூக்கித் தவஞ் செய்ய, எலிகள் அதனை நம்பிச் சூழ்ந்து நிற்கின்றன. இத்தனையும் ஒருவர் கைவேலை அன்று. ஆயினும் எந்த இடத்தில் ஒருவர் வேலை முடிந்து மற்றவர் வேலை தொடங்கிற்று என்று சொல்ல முடியாது.

அதே ஊரில் இக்காட்சியையே செதுக்கத் தொடங்கி இடையில் விட்ட இன்னொரு பாறையும் உண்டு. முற்றுப்பெறாத குகைகளும் உள. அங்கே பாறையின் முகத்தைச் சதுரஞ் சதுரமாக வகுத்திருக்கின்றனர். ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் உளியாற் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய கல்லைத் தட்டி நீக்கிச் சென்றிருக்கின்றனர். இவ்வாறு வகுத்துக்கொண்டால் பலர் ஒரே வேளையில் ஒருவரையொருவர் இடிக்காமல் வேலை செய்யலாம். எவரும் மற்றவரை விட ஆழமாக வெட்டிவிடாமல் அளவும் காக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் மற்றொரு சான்று. விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில் நாட்டியத்தின் 108 கரணங்களைச் செதுக்க இடம் வகுத்தனர். அவற்றுள் 81 செதுக்கப்பட்டன. 27 கற்கள் வெறுங் கற்களாகவே நிற்கின்றன. வேலை ஏன் நின்றதோ, வெறுங் கல்லுக்கும் வரிசையில் இடம் இருக்கின்றது. அதுவும் மற்றவற்றைப் போலச் சுவரைத் தாங்குகின்றது. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை நோயினால் வராமற் போனால் அப்பிள்ளையின் ஓட்டை எடுத்துவிடலாமா என்று கேட்கும் ஆசிரியருக்கு இந்த 27 கற்களே விடை.

இவற்றைக் காணக் கடல் கடந்து செல்ல இயலாத மாணவர்க்கு நம் நாட்டிலும் காட்சி உண்டு. திருகோணமலையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அநுராதபுரத்து இசுருமுனியில், குளத்து நீரை ஒட்டிய பாறையில் யானைகள் நீராடும் காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. பல்லவர் கலையோடு அதற்குள்ள உறவை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். பாறையின் இயற்கையான வளைவையே யானையின் முதுகாக்கிய திறமையை மாணவர் நேரிற் கண்டு வருதல் நன்று.

கோணமலையின் கற்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். கோணமலைக் கோயிலை ஐரோப்பியர் ஆயிரந் தூண்களின் கோயில் என்று எழுதிவைத்தனர். 1620களிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அதனை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். சுவாமிமலை உச்சியில் 1687ஆம் ஆண்டு குறித்த ஒல்லாந்த எழுத்துக்களோடு நிற்கும் தூண் பழைய கோயிற்றூண்களுள் ஒன்றே எனக் கருதப்படுகின்றது. அதன்பின் ஆங்கிலேயர் வந்து, 1803இல் கோட்டைக்குப் பிரெடெரிக் கோட்டை எனப் பெயரிட்டனர்.

1950இல் நிலத்தைத் தோண்டியபோது, முன்னோர் புதைத்துக் காத்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் அங்கே கிடப்பதைக் கண்டனர். கிளார்க் அதனை 1957இல் வெளியான தமது நூலில் எழுதினார். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. திருவுருவங்கள் மீண்டன. கோயில் மீண்டது. கல்லைச் செதுக்கிய கூட்டு முறையோ மீளவில்லை. இன்று நம் கோயில்களுக்குச் சுதையுருவம் செய்யப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சிற்பியரை அழைக்கின்றோம். பத்திரகாளி அம்பாள் கோயிலில் வண்ணச் சுதையுருவங்களை அண்ணாந்து பார்க்கும் நம் பிள்ளைகள் அவற்றை வணங்கவும் வியக்கவும் கற்றிருக்கின்றனர். அவ்வாறு தாமும் கூடிச் செய்யலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வருவதில்லை. இழப்பு என்று நாம் கூறுவது இதையே.

வகுப்பறையில் நேர்ந்த மாற்றம்

இம்முறை நம்மிடையே தேய்ந்ததற்குப் போர்த்துக்கேயரை மட்டுங் குறை கூறிப் பயனில்லை. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். கண்டி நாட்டுக் கம்மியர் எவ்வாறு குழுவாக வாழ்ந்து, பெயர் பொறியாமல், தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தனர் என்பதையும், அந்நிய ஆட்சியில் அவர்கள் வாழ்வு எவ்வாறு சிதைந்தது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். பட்டறை ஒடுங்கியபோது அதன் கல்வியும் ஒடுங்கிற்று. அதற்கு ஈடாக வந்த பாடசாலைச் சித்திர வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனித் தாளில், தனி மேசையில், அச்சடித்த படத்தைப் பார்த்து வரைந்தது. பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பது குற்றமாயிற்று.

1920களில் அரசாங்கச் சித்திரப் பரிசோதகராக விளங்கிய சி. எவ். வின்சர் இப்பார்த்து வரையும் பழக்கத்தைத் தளர்த்திப் பிள்ளைகளின் சொந்தக் கற்பனைக்கு இடமளித்தார். அவரை மதித்து, எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவி, ஆசிரியர்களையும் இளைஞர்களையும் ஒன்றுகூட்டினார். இவை பெருந் தொண்டுகள். ஆயினும் தாள் தனித் தாளாகவே இருந்தது. சேர்ந்து ஒன்றைச் செய்யும் பாடம் வேறோரிடத்தில் பிறந்தது.

சாந்திநிகேதனத்துக் கறுப்பு வீடு

இரவீந்திரநாத தாகூர் வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் 1919இல் கலாபவனம் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். நந்தலால் போஸ் அதன் தலைமையாசிரியராக விளங்கினார். 1930களில் அங்கே மண்ணால் ஒரு வீடு எழுந்தது. அதன் சுவர் முழுவதிலும் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து புடைப்புச் சிற்பங்களை வனைந்தனர். இளஞ் சிற்பியான ராம்கிங்கர் பைஜ் அவ்வேலையில் முன்னின்றார். பார்ஹுத் முதலிய நம் பழஞ் சிற்பங்களையும், எகிப்து, அசீரியா நாட்டுச் சிற்பங்களையும் தழுவிய உருவங்கள் அச்சுவர்களில் இடம்பெற்றன. மழையிற் கரையாதிருக்கத் தார் பூசினர். அதனால் அது காலோ பாரி, அதாவது கறுப்பு வீடு, எனப் பெயர் பெற்றது. மாணவர் அதிலேயே தங்கி வாழ்ந்தனர்.

இதில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. விலையுயர்ந்த கல்லும் உலோகமும் அவர்கள் தேடவில்லை. காலடி மண்ணே போதுமாயிற்று. அன்றியும், ஆசிரியர் மேடையில் நின்று கட்டளையிடவில்லை. மாணவரோடு தாமும் மண்ணிற் கை வைத்தார்.

அப்பள்ளியிற் பயின்றவர்களுள் ஒருவர், தமிழ்க் குடும்பத்திற் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன். அவர் 1963இல் இலக்னோ நகரத்து ரவீந்திராலய அரங்கின் சுவரில், தாகூரின் நாடகமொன்றைப் பொருளாகக் கொண்டு, ஏறக்குறைய 13,000 சுட்டமண் துண்டுகளைச் சேர்த்து 81 அடி நீளமான புடைப்புச் சுவர் ஒன்றை அமைத்தார். சிறு துண்டுகளைத் தனித்தனியே சுட்டுப் பின் சுவரிற் சேர்த்தால் எத்தனை பெரிய சிற்பமும் எளிய கைக்குள் அடங்கும் என்பதற்கு அது சான்று. தாகூரின் கல்விக் கொள்கை நம் நாட்டுக்கும் புதிதன்று. 1934 மே 20ஆம் நாள் ஹொரணையில் ஸ்ரீபாலி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அவரே. நம் சுவாமி விபுலாநந்தர் மறைந்துபோன யாழை ஏட்டின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலாகத் தந்தார். மறைந்த முறையை மீட்பது இயலாத காரியம் என்று நாம் கூறுவதற்கில்லை.

நம் வகுப்பிற் செய்யும் வகை

முப்பத்தாறு மாணவர் உள்ள வகுப்பை எடுத்துக்கொள்வோம். நீளத்தில் நான்கும் உயரத்தில் மூன்றுமாகப் பன்னிரண்டு மண் ஓடுகள் வேண்டும். ஓடொன்று 20 சதமமீற்றர்ச் சதுரமாயின் முழுச் சுவர் 80 சதமமீற்றர் நீளமும் 60 சதமமீற்றர் உயரமும் பெறும். ஓடொன்றுக்கு மூவர். ஒருவர் சூத்திரக்கிராகி, ஒருவர் தக்ஷகன், ஒருவர் வர்த்தகி. ஒவ்வொரு பாடவேளையும் இம்மூவரும் பதவி மாறுதல் வேண்டும். ஸ்தபதி யார் எனின், முழு வகுப்பும் கூடி முடிவு செய்யும் சபையே ஸ்தபதி.

முதலிற் பொருளைத் தெரிந்து, முழுப் படத்தையும் ஒரே பெருந் தாளில் வரைதல் வேண்டும். பின் அதனைப் பன்னிரண்டு சதுரமாக மடித்து, மடிப்பைக் கடந்து செல்லும் கோடுகள் யாவற்றையும் காவியாற் குறித்தல் வேண்டும். அதன்பின்னரே தாளை வெட்டலாம். மண்ணோடு சிறிது மணலோ, இடித்த பழைய ஓட்டுத் தூளோ கலந்து பிசைந்தால் வெடிப்புக் குறையும். ஒரே தடிப்புள்ள இரு சட்டங்களுக்கிடையே மண்ணை வைத்து உருளையால் உருட்டினால் எல்லா ஓடும் ஒரே தடிப்பாகும். நிலமட்டம், நடுமட்டம், மேல்மட்டம் என மூன்று உயரங்களை முன்னரே வரையறுத்து, அளவு கோலொன்றில் அடையாளமிட்டுக் கொள்ளல் வேண்டும். ஒட்டவேண்டிய இடத்தைக் கீறிச் சேறு தடவி ஒட்டாவிடின் காய்ந்தபின் கழன்றுவிடும். நனைந்த சாக்கின் கீழ், நிழலில், மெல்லக் காயவிடுக. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஓடு வளையும். காய்ந்து சுட்டபின் மண் ஏறக்குறைய பத்திலொரு பங்கு சுருங்கும் என்பதையும் கணக்கிற் கொள்க. சூளை வசதிக்கு மட்பாண்டத் தொழில் செய்யும் அயலவரின் உதவியை நாடலாம். அவர்களை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து மண்ணைப் பற்றிப் பேசச் செய்தல் அதனினும் நன்று.

இவ்வேலையின் உயிர்நிலை ஓடுகளின் ஓரத்தில் இருக்கின்றது. ஓட்டின் நடுவில் மாணவர் தம் கற்பனைப்படி அலையையோ இலையையோ அமைக்கலாம். ஓரத்தைக் கடக்கும் கோட்டை மட்டும் அயல் ஓட்டாரைக் கேளாமல் நகர்த்தலாகாது. நகர்த்த வேண்டுமாயின் இரு பக்கத்தாரும் கூடிப் பேசி, இரு ஓட்டிலும் ஒருங்கே நகர்த்துதல் வேண்டும். இங்கே சச்சரவு வரும். வரட்டும். அச்சச்சரவைத் தீர்ப்பதே பாடம். ஒவ்வொரு நாளும் பாடம் முடியுமுன் பன்னிரண்டு ஓடுகளையும் சேர்த்து வைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் வகுப்பார் அனைவரும் பார்த்தல் வேண்டும். ஓரம் பொருந்தாத இடத்தை நிழலே காட்டிக் கொடுக்கும்.

இரண்டு ஐயங்கள்

கெட்டிக்காரப் பிள்ளையின் திறமை கூட்டத்தில் மறைந்துவிடாதா என்று பெற்றோர் கேட்பர். புள்ளி எவ்வாறு இடுவது என்று ஆசிரியர் கேட்பர். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டில் வரைந்த மாதிரிகளுக்குத் தனிப் புள்ளி இடலாம். ஓரம் பொருந்தியதற்கு அயல் ஓட்டார் இருவருக்கும் ஒரே புள்ளி இடலாம். முழுச் சுவருக்கு வகுப்பு முழுவதற்கும் ஒரே புள்ளி இடலாம். கெட்டிக்காரப் பிள்ளையின் கை மாமல்லபுரத்துப் பூனையைப் போல எங்கிருந்தாலும் தெரியும். வரைதலிற் பின்தங்கிய பிள்ளையோ அளவுக் கோலைப் பிடிப்பதிலும் துண்டுகளைப் பொருத்துவதிலும் முதல்வனாகக் கூடும். தனித் தாள் அப்பிள்ளைக்கு அவ்விடத்தை ஒருநாளும் கொடுத்ததில்லை.

இன்னொன்றையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். பழைய பட்டறையில் இத்தொழில் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றது. பிறர்க்கு வாயில் அடைத்திருந்தது. பெண்களுக்கு உளி எட்டவில்லை. பாடசாலை வகுப்போ எல்லார்க்கும் உரியது. நம் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அயலயலாக வாழ்கின்றனர். திருவுருவம் செய்ய விரும்பாத பிள்ளை அதே சுவரில் தோணியையோ கொடிப்பின்னலையோ செய்யலாம். ஓரத்துக் கோடு பொருந்தினாற் போதும்.

நம் சுவருக்கு உரிய பொருள்

பொருளைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. குளக்கோட்டன் கதையோடு வழங்கும் கந்தளாய்க் குளம் இருக்கின்றது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. பாய்க்கப்பலும் நீராவிக் கப்பலும் வந்து சென்ற துறைமுகம் இருக்கின்றது. தொடக்கத்துக்கு மிக உகந்தது கரைவலை என்பது நம் கருத்து. பலர் வரிசையாக நின்று ஒரே கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைக்கும் காட்சி அது. பன்னிரண்டு ஓடுகளையும் அக்கயிறு ஒன்றே ஊடுருவிச் செல்லும். ஓர் ஓட்டில் அது அரை விரல் தாழ்ந்தாலும் வலை அறுந்தது போலத் தோன்றும். பிள்ளைகள் தாமாகவே அதனைத் திருத்துவர்.

இளைஞர்களே, நம் மன்றத்தாருட் பலர் ஆசிரியர். பலர் பெற்றோர். கட்டடத் தொழிலும் மட்பாண்டத் தொழிலும் அறிந்த மூத்தோரும் நம்மிடையே உண்டு. ஆண்டுக்கு ஒரு பாடசாலை, பாடசாலைக்கு ஒரு சுவர் என்று தொடங்கினாலும் போதும். மண்ணுக்கும் சூளைக்கும் ஆகும் செலவு பெரிதன்று. பன்னிரண்டு ஓட்டையும் சுவரிற் பதித்தபின், அதன் கீழ் எவர் பெயரும் பொறிக்க வேண்டாம். வகுப்பும் ஆண்டும் மட்டும் பொறித்தால், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் தம் வரிசையைத் தொடங்க வேண்டிய இடத்தை அறிந்துகொள்வர். அவர்களுக்காகப் பக்கத்திற் சிறிது வெறுஞ் சுவரை விட்டுவைப்போமாக.